மூன்று பிக்சல் வெளிக்கோடு

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வருகிற பேனர்
பிறந்தநாளாக இருக்காது.
தாராவி தொண்ணூறு அடி ரோட்டில்
பிளெக்ஸ் அடிக்கிற எல்லாருக்கும் தெரியும்.
காலையில் ஏழு மணிக்கு வேணும் என்பார்கள்,
அப்புறம்தான் பெயரைச் சொல்வார்கள்.

தவசிக்கனி. தோல் கிட்டங்கியில் கணக்கு.
ஆறுக்கு நாலு, சதுர அடி பதினாலு ரூபாய்,
கயிறு கட்ட ஓட்டை போடுவது தனி.

அந்த அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய படம்
ஏதோ கல்யாணப் பந்தி.
நீல பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் பாதி இலை,
அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.
"வாய் மூடின படம் இல்லையா?"
"மூட மாட்டாரு."

காதைச் சுற்றி, காலரைச் சுற்றி
பேனா டூலால் வெட்டிக்கொண்டே வந்தேன்.
இடது தோளில் இடித்தது:
நாலு விரல்.
பின்னால் நின்ற யாருடையதோ.
ஒன்றில் கல் விழுந்த மோதிரம்.

ஸ்ட்ரோக் போட்டேன், வெள்ளை, மூன்று பிக்சல்.
வெளியே வைத்தால் ஆள் கொஞ்சம் பருப்பார்,
உள்ளே வைத்தால் ஆளைத் தின்னும்,
நடுவில் வைத்தால் இரண்டும் பாதி.
வெளியே வைத்தேன்.
கோடு அவரைச் சுற்றி வந்து
விரல்களையும் சுற்றிக்கொண்டு போனது.
ஸ்ட்ரோக்குக்கு உறவுமுறை தெரியாது.

பெயருக்கு பெவல், எல்லாரும் கேட்கிற தங்கம்.
ஒரு விளிம்பில் வெளிச்சம், எதிர் விளிம்பில் இருட்டு,
மிச்சத்தைக் கண்ணே கட்டிக்கொள்ளும்.
பத்து வருஷமாக இந்தப் பொய்யில்தான் சாப்பாடு.
திரையைப் பார்த்துச் சொன்னார்:
"இப்படி எழும்பி நிக்க வேண்டாம்.
உள்ள போன மாதிரி வருமா?"
வரும். 'அப்' என்பதை 'டவுன்' ஆக்கினால் போதும்.
ஒரு கிளிக்.
தவசிக்கனி கல்லில் வெட்டினது போல் இறங்கினார்.

அப்போதுதான் கவனித்தேன்,
பந்தியின் டியூப்லைட் அவர் முகத்துக்கு வலப்பக்கம்.
என் எழுத்துகளுக்கு வெளிச்சம் இடப்பக்கம்.
கோணத்தை நூற்றிருபதிலிருந்து முப்பதுக்குத் திருப்பினேன்.
குளோபல் லைட். ஒரு பைலுக்கு ஒரே சூரியன்.
கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு,
மனைவி, மகன்கள், சம்பந்தி, சங்கம்,
இருபத்திரண்டு பெயரின் நிழலும்
ஒரே நேரத்தில் புரண்டு படுத்தன.

அந்தப் பட்டியல் வேறு யாரோ நீல மையில் எழுதித் தந்தது.
"உங்க பேரு இதுல எது?"
"தாள்ல இருக்கிறத மட்டும் அடிங்க."

இரேசரை எடுத்து விரல் பக்கம் போனேன்.
"அது இருக்கட்டும்."
"பாக்கிறவங்க கேப்பாங்களே."
"பேரத்தான் படிப்பாங்க."

முந்நூற்று முப்பத்தாறு ரூபாயை
மேசையில் எண்ணி வைத்த கையை நான் பார்க்கவில்லை.
பதினாலு ரூபாயில் அதுவும் சேர்த்திதான்.
பில்லில் என்ன பெயர் போட என்றேன்.
கேஷ் என்று போடச் சொன்னார்.

மெஷின் முதலில் முடியை அடித்தது,
அப்புறம் நெற்றி, அந்தச் சிரிப்பு.
தங்கம் வழக்கம்போல் கடுகு நிறமாகத்தான் வந்தது.
தோள் வெளியே வரும்போது மணி பதினொன்றே முக்கால்.
ரோலைப் பிடித்திருந்த ஷகீல் கேட்டான்:
"தீதி, யே ஹாத்?"
மை காயட்டும், தொடாதே என்றேன்.

காலையில் சந்து முனையில் கட்டியிருந்தார்கள்.
மே மாத வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தது,
என் நிழல்கள் எல்லாம் தப்பாக இருந்தன.
பால் வாங்க வந்தவர்கள்
நின்று படித்துவிட்டுப் போனார்கள்.
சாயங்காலம் நாலு மணிக்கு மேல்
சரியாக வரும்.